பனிக்கரடியா, துருசா? வாசிகசாலைக்கு வாங்கிய சுற்றாடல் புத்தகங்கள்

எங்கள் வாசிகசாலையின் சிறுவர் பகுதிக்குச் சுற்றாடல் புத்தகங்கள் வாங்க ஒரு சிறு தொகை கிடைத்தது. கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்ததால், தகவல் நூல்கள்தான் என்று முடிவாகியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடை கடையாக ஏறி இறங்கியதில் மூன்று வகை அகப்பட்டது. இந்தியாவிலிருந்து வரும் வழவழத் தாள் மொழிபெயர்ப்புகள், இங்கேயே அச்சாகும் மெல்லிய நூல்கள், பூமியைக் காக்க என்ன செய்யலாம் என்று சொல்லித்தரும் செய்முறைப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் சிலதை வாங்கி ஒரு மாதம் பாயில் பரப்பி வைத்தேன்.

எல்லாக் கைகளும் முதலில் வழவழத் தாளுக்குத்தான் போயின. போகாமல் என்ன செய்யும்? பனிக்கரடியின் மூக்கில் உள்ள ஈரம்கூடத் தெரிகிறது. பூமி ஏன் சூடாகிறது என்பதை இரண்டு பக்கப் படத்தில் காட்டுவதுபோல எந்த உள்ளூர் நூலும் காட்டவில்லை. ஆனால் மொழியில் சறுக்கல். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது ‘காபனீரொட்சைட்டு’. புத்தகத்தில் ‘கார்பன் டை ஆக்சைடு’. அங்கே ‘ஒளித்தொகுப்பு’, இங்கே ‘ஒளிச்சேர்க்கை’. தரம் 7 படிக்கும் பொடியன் ஒருவன் காபனீரொட்சைட்டும் கார்பன் டை ஆக்சைடும் இரண்டு வேறு வாயுக்கள் என்று நினைத்துக்கொண்டு, “அப்ப இதில எது கூடக் கூடாதது, மாமா?” என்று கேட்டான். அன்றிரவே பென்சிலோடு உட்கார்ந்து ஓரங்களில் எங்கள் சொற்களை எழுதினேன்.

சொல்லைத் திருத்திவிடலாம், படத்தை என்ன செய்வது? பூநாரைப் பக்கத்தில் ஆபிரிக்க ஏரி. சுண்டிக்குளத்தில் அதே பறவையைப் பார்த்த பிள்ளைக்கு அது புதினமாக இருந்தது. “இஞ்ச நிக்கிறதை ஏன் போடேல்லை?” யானைப் பக்கத்தில் தாயும் குட்டியும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்கட வாழையை முறிச்சது சிரிக்கேல்லை.” அவள் வீட்டில் இரவில் யானை வெடி கொளுத்துகிறார்கள். யானை அழிந்துவருகிறது என்பதும் உண்மை, அவள் தகப்பன் வாழைத்தோட்டத்தை இழந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசும் சிறுவர் நூல் என் கண்ணில் படவில்லை.

மெல்லிய நூல்களைப் பற்றிப் பெருமையாக எழுத ஆசைதான், முடியவில்லை. பாதிக்கு மேல் ‘மரம் எமது நண்பன்’ என்று தொடங்கும் பரீட்சைக் கட்டுரைகள். ஊசி கழன்று தாள் உதிர்கிறது, மை கையில் ஒட்டுகிறது. ஆனால் குளங்களைப் பற்றிய ஒன்றே ஒன்றுக்காக மிச்சத்தை எல்லாம் மன்னிக்கலாம். குளக்கட்டு, துருசு (குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் மதகு), வான் (மிஞ்சிய நீர் வழிந்தோடும் இடம்), அலைகரை, வாய்க்கால் என எல்லாம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் சொற்கள். படம் மட்டும் சோற்றுத் தட்டு மாதிரி. வயல்காரர் வீட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்ததும், “துருசு கட்டுக்குக் கீழால போகவேணும், இவை மேல கீறி வைச்சிருக்கினம்” என்று திருத்தியே விட்டான். பனிக்கரடியை அவனால் திருத்த முடியுமா? அந்த நூல் பாயிலிருந்து அலுமாரிக்குத் திரும்பவே இல்லை.

அதிலும் ஒரு பெரிய குறை உண்டு. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு 36 அடி நீர் கொள்ளும் என்று எழுதியவர்கள், 2018 மார்கழியில் வெள்ளம் வந்ததைத் தொடவே இல்லை. வான்கதவு திறந்தால் கீழே என்ன நடக்கும், டிப்பர் டிப்பராக மணல் அள்ளினால் ஆறு என்ன ஆகும் என்று ஒரு வரியும் கிடையாது. பெரியவர்கள் சண்டைபிடிக்கும் விஷயம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

செய்முறைப் புத்தகங்களுக்கு அதிக நேரம் கொடுக்க மாட்டேன். பல்துலக்கும்போது குழாயை மூடு என்கிறது ஒன்று. எங்கள் பிள்ளைகள் கிணற்றில் வாளியால் அள்ளுகிறார்கள். காருக்குப் பதிலாகச் சைக்கிளில் போ என்கிறது இன்னொன்று. போகிறார்கள், வேறு வழியில்லாமல். காட்டுக்குள் போய் விதை பொறுக்கச் சொல்லும் பக்கத்தை நானே ஊசி அடித்து மூடினேன். மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கும் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள்.

கடைசியில் மிச்சக் காசை இப்படிப் பிரித்தேன்: பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழவழத் தாளில் இரண்டு, காலநிலைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. அவற்றைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். சிறியவர்களுக்குக் குளப் புத்தகம், நாலு பிரதி. இரண்டு வழவழத் தாளின் விலையில் அந்த நாலும் வாங்கி மிச்சமும் இருந்தது. செய்முறையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்கும் பக்கத்துக்காக. சாணுக்கொரு முடிச்சு, கிழமைக்கொரு முறை.

புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது எங்கள் விதி. இந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் மட்டும் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். பங்குனியில் ஆறு முடிச்சு நனைந்தது. போன கிழமை, அதே வாழைத்தோட்டத்துப் பிள்ளையின் கையெழுத்தில்: ‘மூண்டு. அம்மா தலை முழுக வேண்டாமாம்.’