வன்னிக்குப் பெரிய ரிவி: எந்த ஒன்லைன் கடையை நம்பலாம்?

55, 65 இஞ்ச் ரிவியை ஒன்லைனில் தேடும்போது கண் முதலில் போவது விலைக்கு. வன்னியில் இருந்து ஓடர் போடுகிறவர் அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது பழுதானால் திருத்த ஆர் வருவார்கள், எங்கேயிருந்து வருவார்கள்? கொழும்பில் அது அரைநாள் அலைச்சல். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ என்றால், 20 கிலோ வரும் 65 இஞ்ச் ரிவியை வாகனம் பிடித்து ஏ9க்கு ஏற்றி, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கொடுத்து, பிறகு போய் எடுத்துவரவேண்டும். விலையில் மிச்சம்பிடித்த காசு வாகனக் கூலிக்கே காணாது. கடைகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் தரம்பிரிக்கிறோம்.

முதலிடம், கிளை வைத்திருக்கும் கொம்பனிகளின் சொந்த இணையத்தளங்களுக்கு. சிங்கர், அபான்ஸ், சொஃப்ட்லொஜிக், டம்றோ எல்லாம் இந்த வகை. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் இவற்றில் உங்களுக்குக் கிட்டிய நகரத்தில் எதற்கு ஷோரூம் இருக்கிறதோ, அதன் தளத்தை முதலில் திறவுங்கள். ஓடர் போடமுதல் அந்தக் கிளைக்கு ஒரு போன் எடுத்து மூன்று விசயம் கேட்கவேண்டும். இந்த மொடல் உங்களிடம் கையிருப்பில் உள்ளதா? கொண்டுவருவது உங்கள் லொறியா, கூரியரா? பழுதென்றால் ரெக்னீசியன் வீட்டுக்கு வருவாரா, அதற்குக் கிலோமீற்றர் கணக்கில் காசு எடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பல் பதில் வந்தால் அந்தக் கிளையை நம்பி வாங்கவேண்டாம்.

இந்த வகைக் கடைகளிலும் குறை இருக்கிறது. தளத்தில் “கையிருப்பில் உள்ளது” என்று காட்டும் மொடல் கொழும்புக் களஞ்சியத்தில்கூட இல்லாமல் போகலாம். காசு கட்டி இரண்டு நாள் கழித்து, “அது முடிஞ்சுது, இதை எடுங்கோவன்” என்று வேறொரு மொடலைச் சொல்வார்கள். பேர் ஒன்றுபோலத்தான் இருக்கும். பனல், அதாவது படம் தெரியும் திரை, வேறாக இருக்கும். மொடல் இலக்கத்தின் ஒரு எழுத்து மாறினாலும் ஏற்காமல் காசைத் திருப்பிக் கேளுங்கள். இன்னொன்று, ஒன்லைன் விலையும் ஷோரூம் விலையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. போனில் விலையைக் காட்டிக் கேட்டால் அதே விலைக்குக் கிளையிலேயே தருவதும் உண்டு. அப்படியென்றால் அங்கேயே எடுப்பது நல்லது.

அடுத்தது டராஸ், கப்ருகா போன்ற சந்தைத் தளங்கள். இங்கே தளத்தின் பேரைவிட விற்பவரின் பேர்தான் முக்கியம். ஒரே ரிவியை ஐந்து பேர் விற்பார்கள். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விற்பனையாளர் பேரைத் தொட்டுப் பாருங்கள். அந்த பிராண்டின் உத்தியோகபூர்வக் கடை என்றால் சரி. கவரும் சார்ஜரும் விற்கிறவர் ஒரு மூலையில் 65 இஞ்ச் ரிவியும் போட்டிருந்தால் அப்படியே கடந்து போங்கள். வொறன்ரி எந்த வகை என்றும் அங்கேயே போட்டிருக்கும். பிராண்டின் வொறன்ரியா, விற்பவரின் சொந்த வொறன்ரியா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்பவரின் வொறன்ரி அவர் கடை திறந்திருக்கும் வரைக்கும்தான். விமர்சனங்களில் “சூப்பர், வேகமான டெலிவரி” என்பவை வந்து இறங்கிய அன்றே எழுதியவை. ஆறு மாதம் கழித்து எழுதியது, வெளிமாவட்டத்தில் இருந்து படத்தோடு எழுதியது, இவை இரண்டையும் தேடிப் படித்தால் காணும்.

பேஸ்புக், வட்ஸ்அப் விற்பனையாளர்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. முற்பணமாகக் காசைத் தனியாள் பேரிலுள்ள வங்கிக்கணக்குக்குப் போடச் சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். வங்கிக்கு வங்கி அனுப்பிய காசு அந்தக் கணமே போய்ச் சேர்ந்துவிடும். திருப்பி எடுப்பது பெரும்பாடு. ஆளைச் சோதிக்க விரும்பினால், பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் அது எப்போது தொடங்கியது, எத்தனை முறை பேர் மாறியது, எந்த நாட்டில் இருந்து நடத்துகிறார்கள் என்று பார்க்கலாம். போன மாதம் வரை உடுப்புக் கடையாக இருந்த பக்கம் இன்றைக்கு ரிவி விற்கும். தனியார் கொம்பனி என்றால் பதிவிலக்கம் ‘பிவி’ என்று தொடங்கும். கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பேரைத் தேடலாம்.

மொடல் இலக்கம் வாங்குகிறவருக்குப் பெரிய துணை. சம்சுங்கில் ‘யூஏ’, ‘கியூஏ’ என்று தொடங்குபவை ஆசியச் சந்தைக்கு, ‘யூஇ’ ஐரோப்பாவுக்கு, ‘யூஎன்’ வட அமெரிக்காவுக்கு. கடைசியில் ‘எக்ஸ்எல்’ என்று முடிந்தால் இந்தியாவுக்குச் செய்தது. இப்படி வெளிச்சந்தைக்குச் செய்த ரிவி மலிவாக வரும், படமும் நன்றாகவே இருக்கும். ஆனால் இங்குள்ள முகவர் வொறன்ரியை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்க மொடல் சிலது 110-120 வோல்ற்றுக்கு மட்டும். நம் 230 வோல்ற்றில் செருகினால் அன்றோடு சரி. பேர் தெரியாத பிராண்டுகளில் “4கே சப்போர்ட்” என்று போட்டிருந்தால், 4கே வீடியோவை ஏற்கும் என்றுதான் அர்த்தம். பனலே 4கே என்றால் அதன் புள்ளி எண்ணிக்கை 3840 × 2160 என்று இலக்கத்திலேயே எழுதியிருக்கவேண்டும். “ஸ்மார்ட் அன்ட்ரொயிட்” என்பதிலும் கூகுளின் அங்கீகாரம் இல்லாத வகை உண்டு. அதில் நெற்ஃபிளிக்ஸ் ஒழுங்காக ஓடாது.

வொறன்ரியில் “3 வருடம்” என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே பனலுக்கு எத்தனை வருடம், மற்ற உதிரிப்பாகத்துக்கு எத்தனை, திருத்தும் கூலிக்கு எத்தனை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பார்க்கவேண்டியது பனல். அது போனால் புது ரிவி விலையில் பெரும்பகுதி போய்விடும். இடி மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எறும்பு, பல்லி இவற்றால் வரும் பழுதை அநேகமாக எந்த வொறன்ரியும் ஏற்காது. அக்டோபர், நவம்பரில் மின்னல் இறங்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்தே வாங்கவேண்டும். ரிவியின் பின்னால் 100-240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பின்னேரத்தில் வோல்ற்றேஜ் இறங்குவதற்காக ஸ்ரபிலைசர் வாங்கத் தேவையில்லை. கடைக்காரர் சேர்த்து விற்கப் பார்ப்பார். உண்மையான ஆபத்து திடீரென்று ஏறும் மின்னழுத்தமும் டிஷ் வயர் வழியாக வரும் மின்னலும். மழை இருட்டினால் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் வயரையும் நெற் வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும்.

காசு கட்டுவதற்குக் கடனட்டை நல்லது. சாமான் வராவிட்டால் வங்கியிடம் முறையிட்டுத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. தவணைக்குப் போகிறவர்கள் “வட்டி 0%” என்றதும் நம்பாமல் உடன்காசு விலையைக் கேட்டுப் பாருங்கள், வட்டி அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கும். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளைகள் அங்கேயிருந்தே கட்டி ஊருக்கு அனுப்புவது இப்போது பரவலாக நடக்கிறது. அதில் வரும் சிக்கல் ஒன்றுதான்: பில்லும் வொறன்ரியும் வெளிநாட்டுக்காரரின் பேரிலும் இலக்கத்திலும் இருக்கும். பழுதென்று அப்பா போன் எடுத்தால் “பதிவில் உங்கள் இலக்கம் இல்லை” என்பார்கள். ஓடர் போடும்போதே ஊரில் ரிவி பார்க்கப்போகிறவரின் பேரையும் இலக்கத்தையும் கொடுக்கவேண்டும்.

டெலிவரி நாள்தான் அநேகருக்குச் சறுக்குகிற இடம். முகவரியில் “இத்தனையாம் கட்டை, பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கை” என்று எழுதுவதோடு வரைபட இடக்குறியையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவருவதுதான் மிச்சம். படுக்கவைத்தால் பனலின் நடுப்பகுதி ஒவ்வொரு குழியிலும் வளைந்து கொடுக்கும். பெட்டி எப்போதும் நிமிர்ந்தே வரவேண்டும். 65 இஞ்ச் பனல் மட்டுமே 144 சென்ரிமீற்றர் அகலம், 81 உயரம், ஓட்டோவுக்குள் அடங்காது.

பெட்டி இறங்கியதும் நாலு மூலையையும் தடவிப் பாருங்கள். மூலை நசுங்கியிருந்தாலோ ஒட்டியிருக்கும் ரேப் இரண்டு படையாக இருந்தாலோ, உடைக்கமுதல் படம் எடுங்கள். பிறகு நிறுத்தாமல் ஒரே வீடியோவாக: பெட்டியில் உள்ள தொடரிலக்கம், ரேப் வெட்டுவது, ரிவியின் பின்னால் உள்ள தொடரிலக்கம், கரண்ட் கொடுத்துப் படம் வருவது வரை. அணைந்திருக்கும்போது வெடித்த பனல் நல்ல பனல் போலவே தெரியும். போட்டால்தான் கறுப்பு மை சிந்தினமாதிரிக் கோடு ஓடும். யூரியூப்பில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு நிறங்களை முழுத்திரையில் காட்டும் வீடியோ ஒன்றைப் போனில் முன்னமே இறக்கி பென் டிரைவில் போட்டு வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் வந்தாலோ, கொண்டுவந்த பொடியன் அவசரப்பட்டாலோ, கையெழுத்துக்கு மேலே “பெட்டி திறந்து பார்க்கவில்லை” என்று எழுதிவிட்டு ஒப்பமிட்டு, அந்தத் தாளைப் படம் எடுங்கள். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே வெறும் ஒப்பம் போட்டால் பிறகு கதைக்க இடமில்லை. உடைவை எத்தனை மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்பது கடைக்குக் கடை வேறுபடும். ஓடர் போடும் அன்றே அந்த விதியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கவேண்டும்.

இலவசமாகச் சுவரில் பொருத்தித் தருவதாகச் சொன்னால் அது உங்கள் மாவட்டத்துக்கும் உண்டா என்று கேளுங்கள். வீட்டுத்திட்டங்களில் கட்டிய பல வீடுகளின் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். அந்தக் கல்லில் பெட்டியோடு வரும் சின்ன றோல் பிளக் (ஆணி இறுக்கத் துளையில் செருகும் பிளாஸ்ரிக் குழாய்) நிற்காது. பெரிய ரிவியைக் காலில் வைப்பதே மேல். 10 அடி ஹோலுக்கு 55 இஞ்ச் தாராளம்.

கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் போகவேண்டும். கூடவே பில், வொறன்ரிக் காட், டெலிவரித் தாளின் படம், கடையோடு பேசிய வட்ஸ்அப் செய்திகள். வொறன்ரிக் காட்டில் கடையின் முத்திரையும் திகதியும் இல்லாமல் அனுப்புகிற கடைகள் இருக்கின்றன. பெட்டி திறந்த அன்றே அதைப் பார்த்து, இல்லையென்றால் அடுத்த நாளே கிளைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள்.