சிட்ரிக்ஸ் விர்ச்சுவல் ஆப்ஸ் அண்ட் டெஸ்க்டாப்ஸ் 2402: சர்வரைப் பார்த்துக்கொள்பவன் எழுதும் விமர்சனம்

சர்வரில் ஓடும் அப்ளிகேஷனையும் டெஸ்க்டாப்பையும் ஊழியரின் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள்தான் சிட்ரிக்ஸ். அதை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம், விலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சென்னையில் ஓர் அவுட்சோர்சிங் அலுவலகத்தில் இந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, மாலை ஷிப்ட் தொடங்கும்போது மொத்தத் தளமும் ஒரே நேரத்தில் லாகின் செய்கிற இடம். அதனால் இது படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, மவுஸ் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று சொல்கிற விமர்சனம் இல்லை. பழுது வந்தால் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க இந்தப் பொருள் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதன் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கிளிக் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் தன் கணினியில் வொர்க்ஸ்பேஸ் ஆப்பைத் திறக்கிறார், அது ஐகான்களைக் காட்டும் ஸ்டோர்ஃபிரண்ட் சர்வரிடம் போகிறது, ஸ்டோர்ஃபிரண்ட் யாருக்கு எந்த மெஷின் என்று ஒதுக்கும் டெலிவரி கன்ட்ரோலரிடம் கேட்கிறது, கன்ட்ரோலர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸைப் பார்த்து எந்த மெஷின் காலியாக இருக்கிறது என்று சொல்கிறது, அப்புறம் ஊழியரின் கணினி அந்த மெஷினில் இருக்கும் விடிஏ என்கிற ஏஜென்டுடன் பேச ஆரம்பிக்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு நடுவே இன்டர்நெட் வாசலாக நிற்கும் நெட்ஸ்கேலர் கேட்வே வேறு. ஊழியர் நம்மிடம் சொல்வது "சார், சிட்ரிக்ஸ் வரலை" என்ற மூன்று வார்த்தைதான். ஆனால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் வரும் செய்தியே ஓரளவு காட்டிக் கொடுத்துவிடும். "கேனாட் கம்ப்ளீட் யுவர் ரிக்வெஸ்ட்" என்று வந்தால் ஸ்டோர்ஃபிரண்டையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். "எஸ்எஸ்எல் எரர் 61" என்றால் அந்தக் கணினி சர்வரின் சான்றிதழை நம்பவில்லை. ஐகான் எல்லாம் தெரிகிறது, கிளிக் செய்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் விடிஏ பக்கம்தான் சங்கதி.

அந்த விடிஏ விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஒவ்வொரு மெஷினும் பூட் ஆனதும் கன்ட்ரோலரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு ஆகாவிட்டால் அந்த மெஷின் பவர் ஆனில் இருந்தாலும், பிங் போனாலும், ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்களே உள்ளே போக முடிந்தாலும், கன்ட்ரோலரைப் பொறுத்தவரை அது இல்லாத மெஷின்தான். ஸ்டூடியோ என்ற நிர்வாகத் திரையில் "அன்ரெஜிஸ்டர்ட்" என்று நிற்கும். காரணங்கள் கைவிரலில் அடங்கும்: விடிஏவின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் கன்ட்ரோலர் பட்டியல் தவறாக இருக்கலாம், டிஎன்எஸ் பழைய ஐபியைக் காட்டலாம், யாராவது ஃபயர்வாலில் போர்ட் 80-ஐ அடைத்திருக்கலாம், டொமைனுடன் மெஷினுக்கு இருந்த நம்பிக்கை முறிந்திருக்கலாம், இல்லை என்றால் கடிகாரம். பதிவுக்குக் கெர்பெராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வேண்டும், கெர்பெராஸுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் ஆகாது. பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் ஹோஸ்டின் கடிகாரம் பிசகி, அதிலிருக்கும் மெஷின்கள் எல்லாம் அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டால் மொத்தமாகப் பதிவு விழும். அதனால் மெஷின் ஒன்று இரண்டு விழுந்தால் அந்த மெஷினைப் பார்ப்பேன், ஒரே ஹோஸ்டில் இருப்பவை எல்லாம் விழுந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இதில் நல்ல செய்தி, விடிஏ எதையும் மறைப்பதில்லை. அந்த மெஷினின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகைத் திறந்து, சிட்ரிக்ஸ் டெஸ்க்டாப் சர்வீஸ் எழுதியவற்றைப் படித்தால் போதும். 1012 என்ற ஈவென்ட் எண் இருந்தால் பதிவு ஆகிவிட்டது, எந்தக் கன்ட்ரோலரிடம் என்பதும் அதிலேயே இருக்கும். ஆகவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று ஓரளவு புரிகிற ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும். மெஷினை ரீஸ்டார்ட் செய்து பார்க்கும் முன் இதைப் படிக்கிற பழக்கம் ஒரு டீமுக்கு வந்துவிட்டால் பாதி டிக்கெட் அங்கேயே முடிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடலாம், ஆனால் காரணம் தெரியாமல் போய்விடும், நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே அழைப்பு வரும்.

அடுத்தது டைரக்டர். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரவுசரில் திறக்கும் கண்காணிப்புப் பக்கம், ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்கு இதை மட்டும் கொடுத்தால் போதும். ஊழியரின் பெயரைத் தட்டினால் அவர் லாகின் ஆக எடுத்த நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும்: புரோக்கரிங் (மெஷின் ஒதுக்குவது), மெஷின் ஸ்டார்ட், எச்டிஎக்ஸ் இணைப்பு (திரையைக் கொண்டுவரும் சிட்ரிக்ஸின் வழி), அதென்டிகேஷன், குரூப் பாலிசி (டொமைன் தரும் விண்டோஸ் அமைப்புகள்), லாகின் ஸ்கிரிப்ட், புரொஃபைல் லோட், கடைசியாக இன்டராக்டிவ் செஷன். "சிட்ரிக்ஸ் ஸ்லோ" என்ற புகாருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எங்கள் இடத்தில் ஒரு சமயம் லாகின் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனது. நெட்வொர்க் என்றார்கள், ஸ்டோரேஜ் என்றார்கள், சர்வருக்கு மெமரி போதவில்லை என்று கொட்டேஷன் வரைக்கும் போனது. டைரக்டரில் பார்த்தால் புரோக்கரிங் உடனே முடிந்திருக்கிறது, புரொஃபைல் லோட் சில நொடி, குரூப் பாலிசி பட்டை மட்டும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நீளமாக நிற்கிறது. அதைத் திறந்து உள்ளே போனால் எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நேரம் தின்கிறது என்றும் காட்டும், அங்கே இருந்தது பிரின்டர். எப்போதோ கழற்றி வைத்த பிரின்ட் சர்வர் ஒன்றின் பெயர் பாலிசியில் அப்படியே இருந்தது, ஒவ்வொருவர் லாகின் ஆகும்போதும் அந்த இல்லாத சர்வரைத் தேடிக் காத்திருந்திருக்கிறது. அந்த வரியை நீக்கியதும் லாகின் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது, மெமரி வாங்கவே இல்லை. குற்றம் தன் மேல் இல்லாதபோதும் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது இந்த மென்பொருள், அதற்காகவே இதற்கு என் முதல் பாராட்டு.

பிரின்டர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் கண்ட கண்ட பிரின்டர் டிரைவர்களை ஏற்றாதீர்கள், ஒரு மோசமான டிரைவர் ஸ்பூலரைச் சாய்த்தால் அந்த சர்வரில் இருக்கும் எல்லோருக்கும் பிரின்ட் போய்விடும். சிட்ரிக்ஸின் யுனிவர்சல் பிரின்ட் டிரைவரே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பவர்ஷெல் பக்கம் வலுவாக இருக்கிறது. ஸ்டூடியோவில் செய்யக்கூடிய ஏறக்குறைய எல்லாவற்றையும் கட்டளையாகவும் செய்யலாம், எனக்கு ஸ்டூடியோவைவிட அதுதான் வேகம். ஆனால் கெட்-புரோக்கர்மெஷின், கெட்-புரோக்கர்செஷன் போன்ற கட்டளைகள் தாமாக 250 முடிவுகள் வரைதான் தரும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மேக்ஸ்ரெக்கார்ட்கவுன்ட் கொடுத்துக் கேட்க வேண்டும். பெரிய இடத்தில் இது தெரியாமல் ஸ்கிரிப்ட் எழுதி, பதிவு விழுந்த மெஷின்களின் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் அழகாக, சரியாக 250 என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

இணைப்பின் தரத்தில் சிட்ரிக்ஸை அடித்துக்கொள்ள ஆள் குறைவு என்பதுதான் என் எண்ணம். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் பிராட்பேண்ட் இரண்டு நிமிடம் போய் வந்தால் செஷன் சாவதில்லை, திரை மங்கி அப்படியே நிற்கும், லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். செஷன் ரிலையபிலிட்டி என்ற வசதி, போர்ட் 2598, தானாக 180 நொடி காத்திருக்கும். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே பாதி நிரப்பிய படிவம் போகாமல் நிற்பது எங்களைப் போன்ற இடத்தில் சின்ன விஷயம் இல்லை. இதற்கு மேல் இடிடி என்று யுடிபி (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதிலை எதிர்பார்க்காத நெட்வொர்க் முறை) வழியாகப் போகும் முறை ஒன்றும் உண்டு, தூரம் அதிகமான லைனில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். யுடிபி கிடைக்காவிட்டால் தானாக வழக்கமான டிசிபிக்கு இறங்கிவிடும். அதனால்தான் ஃபயர்வாலில் யுடிபி அடைபட்டிருப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே போகலாம். செஷனுக்குள் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சிடிஎக்ஸ்செஷன் என்ற கட்டளையை மைனஸ் வி சேர்த்து அடியுங்கள், எந்த வழியாகப் போகிறது என்று சொல்லிவிடும். விபிஎன்-க்குள் இது ஓடும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைச் சந்தேகியுங்கள், பாக்கெட் பெரிதாக இருந்து வழியில் விழுகிறது.

டேட்டாபேஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இருக்கிறது. ஒவ்வொரு கன்ட்ரோலரும் அமைப்பின் ஒரு நகலை உள்ளூரில் வைத்திருக்கும், எஸ்க்யூஎல் விழுந்ததும் அவற்றில் ஒன்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் செஷன்களுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நேரத்தில் மொத்தச் சுமையும் அந்த ஒரே கன்ட்ரோலர் மேல் விழும், அது பயன்படுத்தும் லோக்கல்டிபி என்ற உள்ளூர் டேட்டாபேஸ் ஒரே சாக்கெட்டில் இருக்கும் நான்கு கோர் வரைதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கன்ட்ரோலர் மெஷினை நான்கு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று யாராவது உருவாக்கி வைத்திருந்தால் ஆபத்து வேளையில் ஒரு கோரில்தான் ஓடும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், மெஷினை ஒருமுறை அணைத்து மாற்றிவிட்டு மறுபடி போட்டால் போதும்.

ஒரே மாஸ்டர் இமேஜிலிருந்து பல மெஷின்களை உருவாக்க எம்சிஎஸ் (மெஷின் கிரியேஷன் சர்வீசஸ்), பிவிஎஸ் (புரொவிஷனிங் சர்வீசஸ்) என்று இரண்டு வழி. பிவிஎஸ் பெரிய இடங்களுக்கு நல்லது, ஆனால் அதில் மெஷின் நெட்வொர்க் வழியாகவே பூட் ஆவதால் பிஎக்ஸ்இ, டிஎச்சிபி என்று நெட்வொர்க் டீமின் தயவு வேண்டும். மற்றவர்களுக்கு எம்சிஎஸ்ஸே போதும், மாஸ்டர் இமேஜை மாற்றி அப்டேட் கொடுத்தால் வேலை முடிந்தது. புரொஃபைலுக்கு நாங்கள் மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்லாஜிக்ஸ் வைத்திருக்கிறோம், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி குறைகள். முதலாவது நெட்ஸ்கேலர். 2023 அக்டோபரில் வெளிவந்த சிட்ரிக்ஸ் பிளீட் என்ற ஓட்டை, சிவிஇ-2023-4966, லாகின் ஆனவரின் செஷன் டோக்கனையே மெமரியிலிருந்து வெளியே கசியவிட்டது. டோக்கன் கையில் இருப்பவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பேட்ச் போட்டால் மட்டும் போதாது, ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களையும் வெட்ட வேண்டும் என்பது அதில் முக்கியம், அதைச் செய்யாத இடங்களில் திருடப்பட்ட டோக்கன் பேட்சுக்குப் பின்னும் செல்லுபடியானது. அதற்கு முன் 2019 டிசம்பரில் ஒன்று, பின் 2025-இல் அதே ரகத்தில் இன்னொன்று. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் பெட்டி இத்தனை முறை திறந்துகொள்வது எனக்கு உறுத்துகிறது. அதை வைத்திருப்பவர்கள் பேட்ச் வந்த அன்றே போட ஆள் வைத்திருக்க வேண்டும், மாதாந்தரப் பராமரிப்பு நாள் வரும்வரை காத்திருக்கும் பெட்டி இல்லை அது.

இரண்டாவது பெயர்கள். மெட்டாஃபிரேம், பிரசன்டேஷன் சர்வர், ஜென்ஆப், 2018-இல் விர்ச்சுவல் ஆப்ஸ். ரிசீவர் வொர்க்ஸ்பேஸ் ஆப் ஆனது, நெட்ஸ்கேலர் ஏடிசி ஆகி மறுபடி நெட்ஸ்கேலர் ஆனது. ஒரு பிழைக்குத் தீர்வு தேடும்போது ஒரே பொருளை நான்கு பெயரில் தேட வேண்டியிருக்கிறது, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பாவம். வெர்ஷன் எண்ணை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்: 1912 என்றால் 2019 டிசம்பர், 2203 என்றால் 2022 மார்ச், 2402 என்றால் 2024 பிப்ரவரி (கைக்கு வந்தது என்னவோ ஏப்ரலில்). எல்டிஎஸ்ஆர், அதாவது நீண்ட கால ஆதரவு என்று முத்திரை குத்தியதையே போடுங்கள், புது வசதிக்கு ஆசைப்பட்டு இடைப்பட்ட வெளியீடுகளுக்குப் போனால் அவற்றின் ஆதரவுக் காலம் குறைவு, வருடம் முழுக்க அப்கிரேட் வேலையே சரியாக இருக்கும்.

மூன்றாவது லைசென்ஸ். 2022-இல் விஸ்டா, எலியட் என்ற முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1,650 கோடி டாலருக்கு சிட்ரிக்ஸ் கம்பெனியை வாங்கி, டிப்கோ என்ற மென்பொருள் கம்பெனியுடன் இணைத்து கிளவுட் சாஃப்ட்வேர் குரூப் ஆக்கினார்கள். ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்கு முன்பே போய்ச் சந்தாவாக மாறிவிட்டது, சின்ன அலுவலகங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லைசென்ஸ் சர்வர் கிடைக்காமல் போனால் 30 நாள் சலுகைக் காலம் உண்டு என்பதால் பலர் அதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள், அதற்கும் டைரக்டரிலோ வேறு எதிலோ ஓர் எச்சரிக்கை வையுங்கள். அப்கிரேட் செய்யும்போதும் லைசென்ஸ் சர்வரைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஐம்பது, நூறு பேர் மட்டும் இருக்கும், எல்லாமே மைக்ரோசாஃப்ட் கிளவுடில் இருக்கும் அலுவலகம் என்றால் அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பே போதும், பார்த்துக்கொள்ள வேண்டிய சர்வர்கள் குறைவு. விஎம்வேரின் ஹொரைசன் இப்போது ஆம்னிசா என்ற தனிக் கம்பெனியிடம் இருக்கிறது, ஏற்கெனவே அதில் பழகிய டீம் இருந்தால் மாற வேண்டிய அவசியமில்லை. சொந்த டேட்டா சென்டர், ஒரே நேரத்தில் லாகின் ஆகும் நூற்றுக்கணக்கான ஆட்கள், ஏற்ற இறக்கமான லைன்கள், மாற்ற முடியாத பழைய விண்டோஸ் அப்ளிகேஷன்கள் என்று இருந்தால் சிட்ரிக்ஸ்தான். விலை பேசும்போதே பிரீமியம் எடிஷனின் டைரக்டரில் பழைய தரவு எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டு வாங்குங்கள். கீழ் எடிஷனில் அது குறைவு, போன மாதம் லாகின் எப்படி இருந்தது என்று ஒப்பிட முடியாத டைரக்டரால் பாதிப் பயன்தான்.