சிமுலேட்டரா, இன்ஸ்ட்ரக்டரா, தனியாகப் பறப்பதா?

தனி விமானி உரிமத்துக்கு (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) நம் நாட்டில் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகு வருவதுதான் பெரிய கேள்வி. கையிலிருக்கும் பணத்தை எதில் போட்டால் கை தேறும்? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, பறக்க வெளியூர் போகும் எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான்.

தனியாகப் பறந்தால் லாக்புக்கில் மணி ஏறும், ஆனால் தப்பைச் சொல்ல ஆளிருக்காது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் லாரி டிரைவர், பத்து தடவை பத்திரமாக இறங்கிவிட்டால் அதையே சரி என்று நினைத்துக்கொள்வார். வானத்திலும் அப்படித்தான்.

வீட்டு சிமுலேட்டரை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். மேலே கிளம்பி 300 அடியில் எஞ்சின் நின்றால்? நிஜத்தில் எஞ்சினை நிறுத்தி இதைச் சோதித்துப் பார்ப்பது ஆபத்து. சிமுலேட்டரில் நான் ரன்வேக்கே திரும்பப் பார்த்தேன், நான்கு முறையும் விழுந்தேன். காரணம் எளிது. 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், 1.4 மடங்காகிவிடும். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் 48 நாட் வேகம் என்பது 68-ஐத் தொடும். எஞ்சின் இல்லாமல் சறுக்கி வரும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். இப்போதெல்லாம் கை தானாக மூக்கைத் தாழ்த்தி, நேரே முன்னாலுள்ள வெட்டவெளியைத் தேடுகிறது.

ஆனால் சிமுலேட்டரால் உடம்பை ஏமாற்ற முடியாது. குளிர்கால விடியலில் ஓசூர்ப் பக்கம் இறங்கும் மூடுபனியை நினைத்துப் பாருங்கள். 1954-இல் இலினாய் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், மீட்டர்களை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரும் மேகத்துக்குள் போனதுபோல் வெளியே எதுவும் தெரியாத நிலையில் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடிகளில். உடம்பின் சமநிலையைச் சொல்லும் உள்காது பொய் சொல்லும். சிமுலேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பொய் தெரியவே தெரியாது. வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொண்டு பறந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்க, நேராகப் போகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். "காதை நம்பாதீங்க தம்பி, மீட்டரைப் பாருங்க," என்றார் பக்கத்திலிருந்த இன்ஸ்ட்ரக்டர்.

வெயிலும் அப்படித்தான். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி மதியத்தில் காற்று மெலிந்துபோவதால் அங்கே விமானம் 6,000 அடியில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஓடுதளம் தீர்ந்துகொண்டே போக, சக்கரம் தரையை விடாத அந்தச் சில வினாடிகளைப் பக்கத்தில் ஓர் ஆளோடு அனுபவித்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் 24 மாதத்துக்கு ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு குறைந்தது ஒரு மணி நேரம் பறந்தாக வேண்டும். எனக்கு அந்த இடைவெளி அதிகம். மாதம் இரண்டு மணி நேரம் பறக்கப் பணமிருந்தால் ஒன்றை இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுப்பேன். ஸ்டால், பக்கக்காற்று, மறைப்பு போட்டுப் பறப்பது எல்லாம் அதில். முந்தின வாரமே அவற்றின் வரிசைமுறைகளை சிமுலேட்டரில் கைக்குப் பழக்கிவிடுவேன். அப்புறம்தான் மிச்சமுள்ள ஒரு மணி நேரம், தனியாக.