மோடத்துக்கு எந்த ஒயர்: ஆர்எஸ்-232ஆ, ஆர்எஸ்-485ஆ?

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில், மின்சார மீட்டர்களின் ரீடிங்கை முதலாளியின் போனுக்கு அனுப்ப சிம் போட்ட மோடம் ஒன்று மாட்டினோம். மோடம் வாங்குவதில் பெரிய யோசனை இல்லை. அதை மீட்டர்களோடு எந்த ஒயரில் சேர்ப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. கருவிகள் ஒன்றுக்கொன்று டேட்டா அனுப்ப ஆர்எஸ்-232, ஆர்எஸ்-485 என்று இரண்டு ஒயர் முறைகள் உண்டு. கடைசியில் ஆர்எஸ்-485 என்று முடிவானது; இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

232ஐ முதலில் பார்த்துவிடலாம். 1960இல் வந்த முறை. ஒரு முனையில் மோடம், மறுமுனையில் ஒரே ஒரு கருவி. சுமார் 15 மீட்டருக்குள் என்றால் நன்றாகவே ஓடும். மோடமும் பிஎல்சியும் (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) ஒரே பேனலுக்குள் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். லேப்டாப்பைச் செருகி ஏடி (AT) என்ற கட்டளையை அடித்தால் ஓகே என்று பதில் வரும். மோடத்தைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எங்களுக்கு இடம்தான் இடித்தது. மீட்டர்கள் இருப்பது இரும்புப் பேனலுக்குள், அங்கே சிக்னல் எடுக்காது. ஆன்டெனா ஒயரை நீட்டினால் நீள நீள சிக்னல் அதிலேயே குறைந்துபோகும். ஆபீஸ் ஜன்னலோரம் சிக்னல் முழுசாக உண்டு, ஆனால் அவ்வளவு தூரத்துக்கு 15 மீட்டர் எந்த மூலைக்கு? 485 குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும், ஒரே ஜோடி ஒயரில் 32 கருவிகளைக் கோக்கலாம். நடுவில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் கக்கும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது பெரிதாகப் பாதிக்காது.

இதெல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கும் சங்கதி. எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு.

கேபிளை எலி கடித்துவிட்டது, நைட் ஷிப்ட், ஒரே ஒரு எலக்ட்ரீசியன். 232 என்றால் அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போனது நேர் கேபிளா, 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் மாறிய கிராஸ் கேபிளா என்பது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அப்புறம், அனுப்பலாமா என்று கேட்டுப் பதில் சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒயர்களை எதிர்பார்க்கும் மோடமாக இருந்தால், மூன்று ஒயர் மட்டும் இழுத்த கேபிளில் அது வாயே திறக்காது. ஒன்பது பின் கனெக்டரில் சால்டரிங் வேறு, பின்களுக்கு நடுவே பஞ்சு வேறு. 485க்கு ஸ்க்ரூ டிரைவர் போதும். முதல் தடவை டெர்மினலைத் திறந்து காட்டியபோது எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி, "ஏனுங்ணா, ரெண்டே ஒயர்தானுங்களா?" என்றார். கிரவுண்டுக்கு மூன்றாவதாக ஒன்று இழுத்திருந்தோம். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஒயருக்கும் போடும் ஏ, பி என்ற குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதில் வரவில்லையா, இரண்டையும் மாற்றி முடுக்கிப் பார்க்கலாம், எதுவும் எரியாது.

485இலும் தொல்லை உண்டு. லைட்டுக்கு இழுப்பதுபோல ஒரே இடத்திலிருந்து கிளை கிளையாகப் பிரிக்கக் கூடாது. மீட்டருக்கு மீட்டர் தொடர்ச்சியாகப் போய், இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். மோட்பஸ் (மீட்டர்கள் பேசும் டேட்டா முறை) ஓடினால் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி அட்ரஸ் வேண்டும். புது மீட்டர் பெரும்பாலும் 1 என்றே வரும். அப்படியே மாட்டினால் இரண்டு மீட்டர் ஒரே நேரத்தில் பதில் சொல்லி டேட்டா குழம்பும். அட்ரஸ், வேகம், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) மூன்றையும் ஸ்டிக்கரில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

மின்னல் விஷயத்தில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன், எங்கள் ஒயர் ஒரே கட்டடத்துக்குள் ஓடுவது. கட்டடம் விட்டுக் கட்டடம் இழுப்பவர்கள் இரண்டு பக்கமும் மின்சாரம் நேராகப் பாயாமல் பிரிக்கும் ஐசொலேஷன் உள்ள கருவியாகப் பார்ப்பது நல்லது. மோடம் வாங்கும்போதே 485 போர்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 232 மட்டும் உள்ளதை வாங்கிவிட்டுக் கன்வெர்ட்டர் சேர்த்தால், அதற்கென்று ஒரு சப்ளை, கெட்டுப்போக இன்னொரு பெட்டி.