ஆமிஷ் குடும்பத்தின் கோடைச் சேமிப்பு: கண்ணாடி ஜாடியா, ஃப்ரீசரா?

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியிலும் ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலும் வாழும் பழைய முறை ஆமிஷ் மக்கள் (நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினர்) பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை என்பதால், கோடை விளைச்சலைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும்போது பெரும்பாலும் கண்ணாடி ஜாடியையே நம்புகிறார்கள். சிலர் ஆமிஷ் அல்லாத அண்டை வீட்டாரின் ஃப்ரீசரில் இடம் கேட்டுப் பெறுகிறார்கள்.

ஜாடியில் அடைத்தவை நிலவறை அலமாரியில் ஓராண்டு வரை தாங்கும். புளிப்புள்ள பீச் பழத்துக்குக் கொதிநீரில் ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். அமிலம் குறைந்த சோளத்தையோ அழுத்தக் கலத்தில் வேகவைத்தே ஆகவேண்டும். இல்லையெனில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நஞ்சு உருவாகக்கூடும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பைன்ட் ஜாடிக்கே 55 நிமிடம் பிடிக்கும் அந்த வேலையை ஆகஸ்டு வெயிலில், விசிறியற்ற சமையலறையில் செய்வது எளிதன்று.

பிள்ளைகள் மட்டை உரிக்க, பெரியவர்கள் கதிர்களைச் சில நிமிடம் கொதிநீரிலிட்டு ஆறவைத்து, மணிகளைக் கத்தியால் சீவிப் பைகளில் நிரப்பினால், ஃப்ரீசருக்கான சோளம் ஒரே நாளில் முடிந்துவிடும், இனிப்பும் குறையாது. சோளத்துக்கு ஃப்ரீசரே மேல் என்பது என் கருத்து. எனினும் பனி கொட்டும் மாலையில் ஒரு பைக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும், அந்த உதவிக்குக் கைம்மாறும் செய்ய வேண்டியிருக்கும்.

இறைச்சிக்கு ஜாடியே ஏற்றது. குளிர்காலத்தில் வெட்டிய மாட்டிறைச்சி ஜாடிக்குள்ளேயே வெந்துவிடுவதால், திடீரென விருந்தினர் வந்தாலும் சூடாக்கிக் குழம்போடு பரிமாறிவிடலாம்.