கிரீன்லாந்து: குவானெஃபியெல்டா, டான்பிரீஸா?

இந்த இரண்டில் எதைத் தோண்டலாம் என்பதுதான் கேள்வி. இரண்டுமே தெற்கு கிரீன்லாந்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அரிய மண் தனிமப் படிவுகள் (மின்கார் மோட்டார், காற்றாலை போன்றவற்றின் காந்தங்களுக்குத் தேவையான உலோகங்கள்). ஆனால் தலையெழுத்து வேறு.

குவானெஃபியெல்டின் சிக்கல் யுரேனியம். அங்கே அரிய மண்ணை எடுத்தால் யுரேனியமும் சேர்ந்தே வரும், கழிவை நார்சாக் ஊருக்கு மேலே உள்ள தசேக் ஏரியில் கொட்டுவதுதான் திட்டம், கீழே மீன்பிடியும் ஆட்டுப் பண்ணையும் நம்பி வாழ்கிற சின்ன ஊர். அவர்கள் எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? 2021 ஏப்ரல் தேர்தலே இந்தச் சுரங்கத்தை வைத்துத்தான் நடந்தது. எதிர்த்த இனுயிட் அடக்காட்டிகிட் கட்சி 31 இடங்களில் 12 பிடித்து கூட்டணி ஆட்சி அமைத்தது, அதே ஆண்டு யுரேனியத் தடைச் சட்டமும் வந்தது. பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் யுரேனியம் உள்ள தாதுவைத் தொட முடியாது. உரிமம் கேட்ட ஆஸ்திரேலிய நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்குக்குப் போனது. ஒரு சின்ன நாட்டை இப்படி மிரட்டுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

டான்பிரீஸில் யுரேனியம் குறைவு, 2020லேயே உரிமம் கிடைத்துவிட்டது. அதைச் சீன நிறுவனங்களுக்கு விற்காதே என்று அமெரிக்க அதிகாரிகள் அதன் உரிமையாளரை நெருக்கினார்கள், கடைசியில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போனது. சரி, அப்போ இதுதான் சுலபமா? இல்லை. அங்கே அரிய மண் அடங்கியிருப்பது யூடியலைட் என்ற கனிமத்தில், அதைப் பிரித்தெடுக்க அமிலம் ஊற்றினால் சிலிக்கா கூழாகி வடிகட்டவே விடாது.

என்னைக் கேட்டால் டான்பிரீஸ்தான். அதுவும் உள்ளூர் மக்கள் சம்மதித்தால் மட்டும்.