ஆமைக்குட்டிக்கு சலாதா, பெலற்றா, புல்லா?

கனடாவில ஸ்காபரோவில இருக்கிற தங்கச்சி போன மாதம் வட்ஸ்அப்பில கோல் எடுத்து "சின்னண்ணா, இவருக்கு வயித்தாலை போகுது" எண்டாள், மருமோனுக்கு ஏதோ எண்டு பதறிப்போய் பாத்தா உள்ளங்கையளவு ஆமைக்குட்டி. சல்காற்றா, ஆபிரிக்காவில சகாராவின்ர தெற்கு விளிம்புப் பக்கத்துச் சாதி. வளந்தா 40 கிலோவும் தாண்டும், அதை வித்தவன் சொன்னவனோ தெரியாது. தட்டில என்ன வைச்சனீ எண்டு கேட்டா ஸ்ட்ரோபெரி, தக்காளி, வெள்ளரிக்காய், ஐஸ்பேர்க் சலாது. நான் கொக்குவில்ல ஆடு வளக்கிறவன், ஆமை வளத்ததில்லை, ஆனா குழை தின்னுற சீவன்ர வயிறு எப்பிடி எண்டு கொஞ்சம் தெரியும், மிச்சத்தை ரெண்டு கிழமையா இருந்து வாசிச்சன்.

முதல் சலாதுத் தட்டு. பாக்க வடிவு, குட்டியும் ஓடி வந்து தின்னும், அதுதான் பிரச்சினையே. ஐஸ்பேர்க், வெள்ளரிக்காய் ரெண்டிலயும் 95 வீதம் தண்ணி, நாரும் கல்சியமும் சொற்பம். பழம் அதைவிட மோசம், ஏனெண்டா இந்தச் சாதி புல்லு நாரை பெருங்குடலுக்க இருக்கிற நுண்ணுயிர்களை வைச்சு புளிக்கப்பண்ணித்தான் சத்து எடுக்குது, அங்க சீனி போய்ச் சேந்தா அந்தக் கூட்டமே குழம்பி வாயு, பேந்து வயித்தாலை. கலியாண வீட்டு மிச்சச் சோத்தை ஆட்டுக்குக் கொட்டினா வயிறு ஊதுமே, குடல் அமைப்பு வேறயெண்டாலும் சங்கதி கிட்டத்தட்ட அதுதான். செங்கால் ஆமையெண்டா கொஞ்சம் பழம் தாங்கும், சல்காற்றா தாங்காது. சத்தெண்டு ஸ்பினாச் கீரையை அள்ளிப் போடுறதும் சரியில்லை, அதில இருக்கிற ஒக்சலேற் கல்சியத்தைப் பிடிச்சு வைச்சிடும்.

பெலற்றை, அதான் கடையில பக்கெற்றில விக்கிற குளிசைமாதிரிக் காய்ஞ்ச தீனை, நான் முழுக்கத் தள்ளமாட்டன். வேலைக்குப் போற சனத்துக்கு லேசு, விற்றமினும் கல்சியமும் சேத்திருப்பினம். பக்கெற்றைத் திருப்பிப் பாத்து சோளம், சோயா முதல்ல இருந்தா விடுங்கோ, புல்லு முதல்ல இருந்தா வாங்கலாம். காய்ஞ்சபடி குடுக்காம தண்ணியில ஊறவைச்சு, கிழமைக்கு ரெண்டுதரம் கொஞ்சமா. அதையே மூண்டு நேரமும் குடுத்தா குட்டி கிடுகிடுவெண்டு பருக்கும், அது நல்லதில்லை.

என்ர வாக்கு புல்லுக்குத்தான். நாங்கள் பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லை வெளிநாட்டு ஆமைக்காரர் பெர்முடா கிராஸ் எண்டு விதை வாங்கி வளக்கினம். செவ்வரத்தை இலையும் பூவும், முள்ளுச் சீவின நாகதாளி மடல், டண்டிலயன் எண்ட மஞ்சள் பூக் களை எல்லாம் நல்லம். எங்கட வளவில சும்மா கிடக்கிறதை அவள் காசு குடுத்து வாங்கவேணும், மருந்தடிச்ச புல்தரையில புடுங்கவும் ஏலாது. பனிக்காலத்துக்கு வைக்கோல்மாதிரி காயவைச்ச புல்லு இருக்கு, ஆனா குட்டியின்ர வாய்க்கு அது கடிபடாது, கத்தரிக்கோலால பொடியா வெட்டி நனைச்சு எண்டைவ் எண்ட சலாதுக் கீரை இலையோட பிரட்டிக் குடுக்கச் சொன்னன். கல்சியத்துக்கு கணவாய் ஓடு, இஞ்ச கடற்கரையில சும்மா பொறுக்கலாம், அங்க கிளிக் கடையில விக்கினமாம்.

ஆனா எந்தத் தீனைப் போட்டாலும் சூடும் தண்ணியும் இல்லாட்டி வீண். வெயில் காயிற இடத்தில லைற்றுக்குக் கீழ 35 பாகை கிட்ட இருக்கோணும், குளிர்ந்து போனா தின்னது குடலுக்க அப்பிடியே கிடக்கும். ஒவ்வொரு நாளும் 20 நிமிசம் இளஞ்சூட்டுத் தண்ணியில, தாடைக்கு மேல ஏறாம இருத்தினா மலமும் இளகும், நீர்க்கல்லும் வராது. மூத்திரத்தோட வெள்ளையாக் களி மாதிரிப் போனா பயமில்லை, மணல் மாதிரிப் போனா தண்ணி காணாது. ஓடு கோபுரம் கோபுரமா எழும்புறதுக்கும் புரதத்தைவிட காத்தில ஈரம் காணாததுதான் கூடக் காரணம் எண்டு சல்காற்றாக்களை வைச்சே செய்த ஆய்வு 2003ல வந்தது. கூட்டுக்க மணல் போடாதேங்கோ, தின்னு அடைச்சுப்போடும்.

இதை வாசிச்சிட்டு ஒருத்தரும் பத்தைக்க கிடக்கிற நட்சத்திர ஆமையைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ, இலங்கையில அது சட்டத்தால பாதுகாக்கப்பட்ட சீவன்.

பூச்சி இருக்கோ எண்டு மலத்தை மிருக வைத்தியரிட்டக் காட்டச் சொன்னனான், காட்டினவள், பூச்சி இல்லையாம். போன ஞாயிறு மத்தியானம் படமும் அனுப்பினாள். கடும்பச்சை, இறுக்கம், நார் நாராத் தெரியுது. அருமை எண்டு எழுதிப்போட்டு போனைக் கவிட்டு வைச்சிட்டன், முன்னால கணவாய்க் கறியோட சோறு இருந்தது.